காபியில் கலக்கும் மாத்திரை

"மாத்திரை போட மாட்டேங்கிறானா? காபியில கலந்து குடுத்துடுங்க." மனச்சிதைவு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த யோசனையைக் கேட்காதவர்கள் குறைவு. சொந்தக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், சில டாக்டர்களே சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது.

இந்த நோயில் பலருக்கு வரும் சந்தேகமே 'சோற்றில் எதையோ கலக்கிறார்கள்' என்பதுதான். அதெல்லாம் பிரமை என்று சொல்லிக்கொண்டே நிஜமாகவே கலந்தால், அந்த மனுஷன் அப்புறம் யாரை நம்புவான்? எங்கள் அண்ணன் ஒருநாள் டம்ளர் அடியில் கரையாமல் கிடந்த வெள்ளைத் துகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டார். அதோடு வீட்டுச் சாப்பாடு நின்றது. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், தானே உரித்த வாழைப்பழம், அவ்வளவுதான். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் கத்தும் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் வேறு என்னதான் செய்வார்?

ஆனால் அண்ணன் மாத்திரையை ஏன் வேண்டாம் என்கிறார் என்று யாருமே கேட்கவில்லை. தனக்கு நோயே இல்லை என்று நினைப்பதும் இந்த நோயின் ஒரு கூறுதான், சரி. அது மட்டுமா காரணம்? இந்த நோய்க்குக் கொடுக்கும் ஓலான்சபின் மாத்திரை போட்டால் பசி அடங்காமல் எடை ஏறலாம், சர்க்கரையும் வரலாம். ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மாத்திரையில் கை நடுங்கலாம், உடம்பு விறைக்கலாம், ஆண்மை குறையலாம். இந்தக் கடைசி விஷயத்தை எந்த ஆம்பளை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்வான்? தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்த அன்றைக்குத்தான் அண்ணன் வாயைத் திறந்தார். மருந்தை மாற்றினார்கள். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே, 'எனக்கு முடியாமல் போனால் இந்தச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம், என் சார்பில் இவர் பேசட்டும்' என்று ஒருவர் எழுதிவைக்கலாம் என்கிறது அது. மருந்துச் சீட்டு எழுதும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் என்ன? சொல்வதில்லை.

கலந்து கொடுக்கச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்குப் பதிலாக 14416 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.