பல மரம் வெட்டிய தச்சன்

போன மாதம் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிரே இருந்தவர் என் பயோடேட்டாவை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஒரு தொடர்ச்சியே இல்லையே, உங்கள் இலக்குதான் என்ன?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. நான் படித்தது இயற்பியல். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை நான்கு வருடம், லாரி ஆபீஸில் கணக்கு எழுதியது மூன்று வருடம், காது கேட்கும் கருவி பொருத்தும் மையத்தில் ஏழு வருடம், ஒலிப்புத்தகங்களைப் பதிவு செய்து தொகுக்கும் வேலை ஆறு வருடம். இருபது வருடத்தில் நான்கு வேலைகள்.

"மொழியும் மனிதர்களும்தான் என் எல்லா வேலைக்கும் அடிப்படை" என்று அழகாக ஒரு பதில் சொன்னேன். வெளியே வந்ததும் அது உறுத்த ஆரம்பித்தது. அப்படி ஒரு சரடு என்னிடம் இருந்ததே இல்லை. கேட்கிறவருக்குப் பிடிக்குமே என்று அந்த நிமிடத்தில் கோத்தது அது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். கல்லூரி முடித்துச் சும்மா இருந்தபோது தெரிந்தவர் ஒருவர் அச்சகத்துக்கு ஆள் வேண்டும் என்றார், போனேன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அடுத்த மாதமே சம்பளம் வந்தாக வேண்டும், லாரி ஆபீஸில் உடனே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அப்பாவுக்குக் காது மந்தமானது. அவரைக் கூட்டிக்கொண்டு காது மிஷின் வாங்கப் போன இடத்தில் 'உதவியாளர் தேவை' என்று ஒட்டியிருந்தார்கள். அங்கே வந்துபோன ஒரு பெரியவர் சொல்லித்தான் இப்போதைய வேலை. எதையும் நான் திட்டம் போட்டுத் தேடவில்லை. வந்ததைத் தட்டிக்கழிக்கவும் இல்லை, அரைமனதாகச் செய்யவும் இல்லை. என் பங்கு என்று சொன்னால் அது மட்டும்தான்.

காது மையத்தில் இருந்த ஏழு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெசிபல் ஒரு மடக்கை அளவு, பத்து டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும் என்று கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பது அங்கேதான் தெரிந்தது. 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ்வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வோம். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள், அதாவது கீச்சென்ற ஒலிகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் நன்றாகவே கேட்கும், ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார்கள். கூட வந்தவர்களோ, "வேண்டியது மட்டும் கேட்கும் இவருக்கு" என்று சலித்துக்கொள்வார்கள். அப்பாவிடம் நானே அப்படிக் கோபப்பட்டிருக்கிறேன். பிறகு அவரது பரிசோதனைத் தாளில், கேட்கும் திறனைக் காட்டும் கோடு உயர் அதிர்வெண்கள் இருக்கும் வலப்பக்கம் சரிந்து இறங்குவதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

கருவியைப் பொருத்தியதும் பலர் முதலில் கவனிப்பது பிள்ளைகளின் குரலை அல்ல. மின்விசிறி ஓடுகிற சத்தம், தன் செருப்பு தரையில் உரசுகிற சத்தம், மேஜைமேல் தாள் சலசலப்பது. ஒருவர் அந்தத் தாளை எடுத்து மறுபடி மறுபடி கசக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டமிட்டு வாழ்ந்திருந்தால் அந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

"பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்று என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. நானும் பல வருடம் அதை நம்பி உள்ளுக்குள் குன்றிப்போயிருக்கிறேன். ஒருநாள்தான் உறைத்தது, அந்தத் தச்சன் மரங்களைப் பார்த்துக்கொண்டே போகிறவன், ஒன்றிலும் கை வைக்காதவன். நான் ஒவ்வொரு மரத்தையும் வெட்டியிருக்கிறேன். கை காய்ப்புக் காய்த்திருக்கிறது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. எந்த அனுபவமும் வீண்போகாது, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று. எனக்கு இதிலும் உடன்பாடில்லை. மெய்ப்புப் பார்த்த கண்ணும் காது மையத்தில் பழகிய காதும் இப்போதைய வேலைக்கு உதவுகின்றன, சரி. லாரி ஆபீஸில் இருந்த மூன்று வருடம் எதற்கும் உதவவில்லை. டீசல் கணக்கும் சரக்கு ரசீதும் அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் தேவைப்படவில்லை. ஆனாலும் விடியற்காலையில் வந்திறங்கும் ஓட்டுநர்களோடு கணக்கு முடித்து, அவர்கள் தூங்கப் போவதைப் பார்த்துவிட்டு நான் வேலையைத் தொடங்குவேனே, அந்தக் காலைகள் எனக்கு நிறைவாக இருந்தன. பின்னால் பயன்பட்டால்தான் அந்த நிறைவுக்கு மதிப்பு என்று யார் சொன்னது?

இலக்கு என்ன என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்று முறையாகச் சொல்லிக்கொடுத்தவர்களில் முன்னோடி அமெரிக்கரான ஃபிராங்க் பார்சன்ஸ். 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டுவதற்கென்றே ஒரு அலுவலகம் தொடங்கினார். அவர் கதையைப் படித்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. படித்தது பொறியியல். சேர்ந்த ரயில்வே நிறுவனம் நொடித்துப்போய், இரும்பாலையில் கூலி வேலை செய்தார். பள்ளி ஆசிரியரானார், வழக்கறிஞரானார், சட்ட நூல்கள் எழுதினார், 1895இல் மேயர் தேர்தலில் நின்று தோற்றார், கல்லூரியில் பாடம் நடத்தினார். இத்தனைக்கும் பிறகுதான் அந்த அலுவலகம். தொடங்கிய வருடமே இறந்தும்போனார். அவருடைய பயோடேட்டாவிலும் தொடர்ச்சி இல்லை.

அப்புறம் 1999இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் க்ரம்போல்ட்ஸ் இருவரோடு சேர்ந்து 'திட்டமிட்ட தற்செயல்' என்ற கருத்தை எழுதினார். தற்செயலைக் குறையாகப் பார்க்க வேண்டாம், அதைப் பயன்படுத்திக்கொள்ளப் பழகலாம் என்பது சாரம். அதற்கு வேண்டியவை என்று ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிந்து இறங்குதல் ஆகிய ஐந்தைச் சொல்கிறார்கள். என்னிடம் நம்பிக்கை எல்லா நாளும் இருந்ததில்லை. ஆர்வம் ஒருநாளும் விட்டுப்போனதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, 1957 முதல் 1964 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. அவர்கள் 18 வயதிலிருந்து 56 வயதுக்குள் சராசரியாக 12 வேலைகளுக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். என் நான்கு அதிகமே இல்லை.

இதற்கு நான் விலை கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அடிமட்டச் சம்பளத்திலிருந்துதான் தொடங்கினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர்களிடம் வேலை கற்றேன். கூடப் படித்தவர்கள் மேலாளர்களானபோது நான் பயிற்சி பெறுகிறவன். சேமிப்பு குறைவு, அதனால் வந்த சண்டைகளை வீட்டில் தாங்கியவர்கள் உண்டு. கடன் இருப்பவர்களிடமும் சின்னக் குழந்தைகள் இருப்பவர்களிடமும் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சூழ்நிலை தள்ளி வேறு வேலைக்கு வந்துவிட்டு, 'வாழ்க்கை வீணாகிவிட்டது' என்று தினமும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் எதிலும் தவறவில்லை.

அந்த நேர்காணல் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வாரமாகச் சைகை மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எதற்காக என்று கேட்டால் இன்னும் என்னிடம் பதில் இல்லை. முதல் நாள் என் பெயரைக் கையால் எழுத்து எழுத்தாகக் காட்ட அரை மணி நேரம் ஆனது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கடைசி எழுத்தில் என் சுண்டு விரலை மெல்லப் பிடித்து நிமிர்த்திவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.