கோசெகியில் பெயர் இருக்கிறது, பள்ளி வாசலில் முடியைப் பார்க்கிறார்கள்

ஜப்பானில் கலப்புப் பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அது அவங்க கலாச்சாரம், மாற நாளாகும்" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைகளை ஒதுக்குவதில் பாதி சட்டத்திலும் படிவத்திலும் பள்ளி விதியிலும் எழுதிவைத்தது. எழுதியதை மாற்ற முடியும். மாற்றியும் இருக்கிறார்கள்.

1984 வரை அப்பா ஜப்பானியராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ஒகினாவாவில் ஜப்பானிய அம்மாக்களுக்கும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் பிறந்த பிள்ளைகள் சிலர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றது இதனால்தான். அப்பா அமெரிக்காவில் போதிய வருடங்கள் வசித்திருக்காவிட்டால் அந்தக் குடியுரிமையும் கிடைக்காது. 1985 ஜனவரி 1 முதல் பெற்றோரில் ஒருவர் ஜப்பானியராக இருந்தால் போதும் என்றானது.

இன்றைய சிக்கல் கோசெகி என்ற குடும்பப் பதிவேட்டில். வெளிநாட்டு அப்பாவோ அம்மாவோ அதில் உறுப்பினராக வரமாட்டார். திருமணக் குறிப்பில் பெயர் வரும், அவ்வளவுதான். நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. தமிழ் அப்பா, ஜப்பானிய அம்மா என்றால் நம்ம இனிஷியலுக்கு அங்கே இடமே இல்லை, பிள்ளை அம்மாவின் குடும்பப் பெயரில்தான் பதிவாகும். அப்பாவின் பெயர் வேண்டுமென்றால், திருமணமான 6 மாதத்துக்குள் அம்மா தன் குடும்பப் பெயரை மாற்றி நகராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் குடும்ப நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குழந்தை சென்னையில் பிறந்து, பிறப்பிலேயே இந்தியக் குடியுரிமையும் வந்துவிட்டால், 3 மாதத்துக்குள் ஜப்பானியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதே படிவத்தில் ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைப்பதாகச் சொல்லும் இடத்தில் கையெழுத்தும் போட வேண்டும். தவறினால் பிறந்த நாளிலிருந்தே அந்தக் குடியுரிமை போய்விடும். இங்கே சான்றிதழ் நிதானமாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கெடு ஓடிவிடும். பிறகு 18 வயதுக்குள் ஜப்பானில் குடியேறி, விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெற வேண்டும்.

அடுத்து 20 வயது. பிறப்பால் இரண்டு குடியுரிமை உள்ளவர் அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை இந்தக் கெடு 22. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 2019ல் அந்த வயதை எட்டும் சமயத்தில்தான் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தார். ஜப்பானைத் தேர்வதாக அறிவிப்புப் படிவம் கொடுத்தால் கெடு விஷயம் முடிந்தது. மற்றதைக் கைவிட முயல வேண்டும் என்றுதான் ஜப்பானியக் குடியுரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வளர்ந்த பிறகு தானாக விண்ணப்பித்து வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால், 11ஆம் பிரிவுப்படி ஜப்பானியக் குடியுரிமை உடனே போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் ஏராளம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல, அதற்குப் பயப்பட வேண்டாம். பிறப்போடு வந்ததை 20 வயதுப் பிள்ளையிடம் விடச் சொல்லும் இந்தக் கெடுவையே எடுத்துவிட வேண்டும் என்பேன்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் முகத்தைப் பார்க்கிறார்கள். சசெபோவில் பிறந்த அரியானா மியாமோட்டோ 2015ல் மிஸ் யுனிவர்ஸ் ஜப்பான் ஆனபோதும், வங்காளி அப்பாவின் மகள் பிரியங்கா யோஷிகாவா 2016ல் மிஸ் வேர்ல்ட் ஜப்பான் ஆனபோதும் "இது ஜப்பானிய முகமா?" என்று கேட்டார்கள். பிரபலங்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்ன செய்யும்? பழுப்பு முடி, சுருட்டை முடி என்றால், பல பள்ளிகளில் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று பெற்றோர் முத்திரை குத்திச் சான்று தர வேண்டும். சில பள்ளிகள் சிறுவயதுப் புகைப்படமும் கேட்டன. 2023ல் ஹியோகோ மாவட்டப் பள்ளி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில், கறுப்பின அப்பாவின் வழக்கப்படி முடியைப் பின்னி வந்த மாணவரை மாடி இருக்கையில் பிரித்து உட்காரவைத்தார்கள். படித்தபோது மனசு கொதித்தது.

இந்த விதிகளைப் போடுவது நாடாளுமன்றம் அல்ல, அந்தந்தப் பள்ளி. அதனால் பெற்றோருக்கு வழி இருக்கிறது. விதியை எழுத்தில் கேளுங்கள். பள்ளி விதிகளைப் பரிசீலிக்கச் சொல்லி கல்வி அமைச்சகம் 2021ல் அனுப்பிய சுற்றறிக்கையைக் காட்டுங்கள். டோக்கியோ மாநகர உயர்நிலைப் பள்ளிகள் முடி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியை 2022 ஏப்ரலில் கைவிட்டதையும் சொல்லுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் கல்வி வாரியத்துக்கு எழுதுங்கள், பிள்ளையின் தலையில் சாயம் பூசும் முன்பே.