அந்த ரெண்டு பேரும் சும்மா இருக்கவில்லை

சனிக்கிழமை மண்டபத்தில் நாலு பிள்ளைகள் வாசித்த மேலைநாட்டு இசைக் கச்சேரியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று இரவு அதைப் பற்றி ஒருவர் போட்ட பதிவையும், அதற்குக் கீழே விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்த பிறகு முடியவில்லை. "நாலு பேரை மேடையேற்றினார்கள், அதில் ரெண்டு பேர் நடுவிலே வாசிக்கிற வில்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், பழகாத பிள்ளைகளை ஏன் கூட்டி வந்தீர்கள்?"

ஐயா, அவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தில் வாசிக்கக் கூடாது என்றுதான் இசைக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

அவர்கள் வாசித்தது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797இல் எழுதியது. ரெண்டு வயலின், வயலினை விடக் கொஞ்சம் பெரிய வியோலா ஒன்று, காலிடையில் வைத்து வாசிக்கிற பெரிய செல்லோ ஒன்று. அதன் இரண்டாம் பகுதி முழுக்க ஒரே மெட்டுத்தான். அப்போது வியன்னாவிலிருந்து ஆண்ட சக்கரவர்த்திக்காக ஹைடனே போட்ட மெட்டு, இன்றைக்கு ஜேர்மனியின் தேசிய கீதம். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்கிற எல்லோருடைய காதிலும் விழுந்திருக்கும். முதலில் முதல் வயலின் அதை வாசிக்கும். பிறகு அது கைமாறும். இரண்டாம் வயலினுக்கு, செல்லோவுக்கு, வியோலாவுக்கு, கடைசியில் திரும்பவும் முதல் வயலினுக்கு. மெட்டு அப்படியே இருக்கும், அதைச் சுற்றி மற்றவர்கள் செய்வதுதான் மாறிக்கொண்டே போகும். இரண்டாம் வயலினின் முறை வரும்போது முதல் வயலின் மட்டும் மேலே ஓடித் திரியும், மற்ற ரெண்டு பேரும் வாய்மூடிக் கேட்பார்கள். எப்போதும் பின்னால் நிற்கிற ஒருவருக்குக் கிடைத்த இடம் அது. சரியாக அந்த நேரத்தில்தான் மண்டபத்தில் தேத்தண்ணித் தட்டத்தைக் கொண்டு வந்தார்கள், கதிரைகளை இழுத்தார்கள். வியோலாவின் முறை வந்தபோது முன்வரிசையில் ஒருவருடைய போன் அடித்தது. அவர் எடுத்துக் கதைத்தார். மெதுவாகக்கூட இல்லை.

இது அறைக்கான இசை. ஐரோப்பாவில் வீட்டுக் கூடங்களில் பத்து இருபது பேர் நடுவில் வாசிக்கப் பிறந்தது. ஒவ்வொரு வாத்தியத்தின் பங்குக்கும் ஒரே ஒருவர், கைகாட்டி நடத்துகிறவர் கிடையாது. தொடங்குவதற்கு முன் முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், அந்த மூச்சுத்தான் மற்ற மூவருக்கும் சைகை. அந்த மூச்சுக் கேட்கிற தூரத்தில் இருந்து கேட்க வேண்டிய இசை இது. மைக் போட்டிருக்கலாமே என்கிறார்கள். எதற்கு, தட்டச் சத்தத்தை விட உயர்த்துவதற்கா?

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் என் மாமா. எங்கள் ஊரான திருகோணமலையிலேயே ஜேர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்த காலம் அது. அவருக்கோ சிற்றலையில் எந்த நிலையமானாலும் சரி, இசை என்றால் கசெட்டில் பதிந்துவிடுவார். இரைச்சலோடுதான். இந்த மெட்டையும் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தார். லாம்பைக் குறைத்துவிட்டு, "இப்ப ஆரிட்டப் போகுது எண்டு மட்டும் பார்" என்பார். வேறு ஒன்றும் சொல்லித் தரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. அதனால்தான் "விளங்காது" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. விளங்க வேண்டாம், மெட்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், பத்து நிமிடத்துக்குள் காது தானாகப் பழகிவிடும்.

வெள்ளைக்காரன் இசை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். வயலின் எங்கிருந்து வந்தது? பாலுசுவாமி தீட்சிதர் அதை எடுத்து நம் சங்கீதத்துக்குப் பழக்கினார் என்கிறார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? கோயில் வீதியில் விடிய விடியத் தவில் சமா கேட்கிற சனம் நாங்கள். தனியில் ஒரு தவில்காரர் வாசிக்க மற்றவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால், சும்மா இருக்கிறார் என்றா சொல்கிறோம்? அந்த மரியாதையில் கொஞ்சத்தை அந்த நாலு பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கக் கூடாதா?

மண்டபம் வெக்கை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அதற்காகப் பிள்ளைகளைப் பழகாதவர்கள் என்று எழுதுவீர்களா?

எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வியோலா வாசித்த பிள்ளை ஒரு துணியால் தந்திகளுக்குக் கீழே படிந்திருந்த வெள்ளைத் தூளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "அங்கிள், நாங்கள் எங்கேயாவது பிழை விட்டிட்டமா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பிழையும் இல்லை பிள்ளை என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. நேற்றைய பதிவை அவளும் பார்த்திருப்பாள், இந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பன்னிரண்டு கதிரை போடலாம். அந்த நாலு பேரிடமும் கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறோம் என்கிறார்கள். அதே மெட்டுத்தான். தேத்தண்ணி முடிந்த பிறகு. அந்தப் பதிவை எழுதியவருக்கும் ஒரு கதிரை வைத்திருப்பேன், வியோலாவுக்குப் பக்கத்தில்.