நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் தனியார் ஆட்கள் அல்லர்

“ரோந்து வண்டியில் இருப்பவர்கள் சுங்கச்சாவடி நிறுவனத்தின் ஆட்கள், நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டாம். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் நம் மீதே வழக்கு வரும்” என்று தஞ்சாவூர், கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நெடுஞ்சாலை ரோந்துப் படை தமிழ்நாடு காவல்துறையைச் சேர்ந்தது. சுங்கச்சாவடிகளின் ரோந்து வண்டி வேறு. பழுதான வாகனத்தை அகற்றுவது போன்ற உதவிக்கானது, அதில் வருபவர்கள் போலீசார் அல்லர். குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு.

இரண்டாவது பொய்தான் என்னை வருத்துகிறது. சாலையோரம் நெல் காயும் இடத்தில் பைக் சறுக்கி ஒருவர் கிடந்தபோது, சுற்றி நின்றவர்கள் தொட அஞ்சியதைக் கண்ணால் பார்த்தேன். நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கவே அதே சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் இணையதளத்தில் சட்டத்தை நீங்களே படிக்கலாம்.

விபத்து என்றால் 108 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.