நெல் மூடையும் நீலவெளிச்சப் பெட்டியும்

கனடாவில் இருந்து வந்த அத்தான் சூட்கேசைத் திறந்து சொக்லேற், சென்ற், அம்மாவுக்கு ஒரு ஸ்வெற்றர் (கிளிநொச்சி வெயிலுக்கு ஸ்வெற்றர்!) எல்லாம் எடுத்துக் குடுத்து முடித்தபிறகு, கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டியை என் கையில் வைத்தார். நாலு நெருப்புப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவு. செருகினால் நீல வெளிச்சம் எரியும். வேறொன்றும் நடக்காது.

“தம்பி, இதைச் செற்றுக்குப் பக்கத்தில கொஞ்சம் உயரமா வை. பூமியின்ர மின்காந்தத் துடிப்பை விடுற சாமான். பாட்டு வேற மாதிரிக் கேக்கும்.”

“அப்பிடியோ அத்தான், என்ன விலை?”

“அதை விடு. நூற்றைம்பது டொலர்.”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அத்தான் ஏமாளி இல்லை. காது உள்ள மனிதர். நாதஸ்வரத்தில் சீவாளி மாற்றினதைக்கூடக் கண்டுபிடிக்கிறவர். அவர் கேட்டேன் என்றால் ஏதோ கேட்டிருக்கிறார். என்ன கேட்டார் என்பதுதான் கேள்வி.

அதோடு, மின்காந்தம் என்ற சொல்லை வைத்துச் சிரிக்க எனக்கு வாயும் வராது. யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றறிக்கு நாங்கள் பட்ட பாடு இங்கே பலருக்குத் தெரியும். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் பிழிந்தெடுத்த சனம் நாங்கள். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். எங்கள் வீட்டில் ஐயா றேடியோவுக்குப் பக்கத்தில், நான் பெடலில். பிபிசி தமிழோசை முடியும்வரை கை மாறக்கூடாது. கசற் போட்டால் இன்னும் வேடிக்கை: சுற்றுகிறவனுக்குக் களைத்தால் பாடகருக்கும் களைக்கும், குரல் தடித்து இழுபடும். டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏசி கறண்ட்). அதை நேராக்க நாலு டயோட், பிறகு ஒரு கப்பாசிற்றர். அந்தக் கப்பாசிற்றர் இல்லாவிட்டால் செய்தியோடு சேர்ந்து ஒரு ‘ம்ம்ம்’ வரும். வேகமாகச் சுற்றச் சுற்ற அந்த ‘ம்ம்ம்’ சுதி ஏறும். 1831இல் பரடே கண்டுபிடித்த தூண்டலைப் பாடப்புத்தகத்தில் படிக்க முதலே என் தோள்மூட்டு படித்துவிட்டது.

ஆகவே பெட்டிக்கு வருவோம். அதன் பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யில்லை. பூமியின் தரைக்கும் மேலே அயன் மண்டலம் என்ற மின்னேறிய காற்றடுக்குக்கும் நடுவில் ஒரு பெரிய கூடு இருக்கிறது. உலகம் முழுக்க நொடிக்கு ஏறக்குறைய 40, 50 மின்னல் வெட்டுகிறது. அந்த அடியில் கூடு மணிபோல அதிர்கிறது, 7.83 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 7.83 தரம். ஜேர்மன் இயற்பியலாளர் ஷூமான் 1952இல் கணக்குப்போட்டுச் சொன்னது, பிறகு அளந்தும் பார்த்தார்கள். ஐப்பசி பின்னேரம் இரணைமடுப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும்போது மத்திய அலையில் றேடியோவைப் போட்டுப் பாருங்கள், ‘கரக் கரக்’ என்று வரும். அந்தக் கூட்டைத் தட்டும் மின்னலில் எங்கள் பங்கு அது.

ஆனால் அந்தத் துடிப்பின் அளவு? ஒரு பிக்கோ டெஸ்லா சொச்சம். (டெஸ்லா காந்தப்புலத்தை அளக்கும் அலகு, பிக்கோ என்றால் அதில் இலட்சம் கோடியில் ஒன்று.) எங்கள் முற்றத்தில் பூமியின் சாதாரணக் காந்தப்புலமே 40 மைக்ரோ டெஸ்லாவுக்குக் கிட்ட, அதாவது நாலு கோடி மடங்கு. ஸ்பீக்கருக்குள் கம்பிச்சுருள் ஆடுகிற இடைவெளியிலோ காந்தம் ஒரு டெஸ்லாவைத் தொடும். அத்தனை பெரிய வெள்ளத்துக்குள் ஒரு துளியை விட்டுவிட்டு ஆற்றின் ருசி மாறிவிட்டது என்றால் எப்படி? 7.83 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 38,000 கிலோமீற்றர், கிட்டத்தட்ட உலகத்தைச் சுற்றிவர எடுக்கும் தூரம். அதை உள்ளங்கைக்குள் அடங்கும் சுருள் பரப்ப முடியாது. முடிந்தாலும் எங்கள் காது 20 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் கேட்கத் தொடங்கும்.

இதையெல்லாம் சொன்னால் அத்தான், “உன்ர கணக்கு என்ர காதைவிடப் பெரிசோ?” என்றார். நியாயமான கேள்வி. அதனால் காதிடமே கேட்டோம். பெட்டியின் மேல் துவாயைப் போட்டு மூடினோம். மகள் அறைக்குள் இருந்து காசு சுண்டினாள். பூ விழுந்தால் பெட்டி வேலை செய்யும், தலை விழுந்தால் நிற்கும். ஒரே நாதஸ்வரத் துண்டு, ஒரே சத்தம், 16 தரம். அத்தான் ஒவ்வொரு முறையும் “இருக்கு”, “இல்லை” சொல்ல அவள் கொப்பியில் குறித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 8 சரி வரும். 12க்கு மேல் வந்தால்தான் யோசிக்க இடமுண்டு. அத்தானுக்கு 9 வந்தது. எனக்கு 7. நம்பினவருக்கும் நம்பாதவனுக்கும் ஒரே காதுதான்.

“நீங்கள் பக்கத்தில நிண்டு அவசரப்படுத்தினதில கவனம் சிதறிப்போச்சு” என்றார். விட்டுவிட்டேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பெட்டி எதையுமே செய்யவில்லை என்றும் இல்லை. அதற்கு வந்த மலிவான அடப்ரருக்குக் கிட்ட ஐயாவின் பழைய றேடியோவைக் கொண்டுபோனேன். மத்திய அலை முழுக்க ஈ மொய்த்தமாதிரி இரைச்சல். நூற்றைம்பது டொலருக்கு வாங்கினது இரைச்சல்தான். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய றேடியோ இருந்தால் எறியாதீர்கள். எந்தச் சாமான் மின்காந்தக் குப்பை கொட்டுகிறது என்று மோப்பம் பிடிக்க அதைவிட மலிவான கருவி இல்லை.

உண்மையில் வேலை செய்கிற சாமான்களும் இருக்கின்றன. அவற்றை யாரும் நீல வெளிச்சம் போட்டு விற்பதில்லை. வயரைக் கவ்விப்பிடிக்கும் கறுப்பு பெரைற் வளையம் றேடியோ அலைத் தொல்லையைக் குறைக்கும். முந்தி போன் அடிக்க முதல் ஸ்பீக்கருக்குள் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று வருமே, அந்தச் சாதித் தொல்லை. ரெக்கோடிங் பார்க்காரர் கசற் ஹெட்டின் காந்தத்தை நீக்க ஒரு கோல் வைத்திருந்தார்கள். அதுவும் உண்மை: ஹெட்டில் காந்தம் ஏறினால் மேல்சுதி மங்கி ‘ஸ்ஸ்’ கூடும். அதே கதையைச் சொல்லிக்கொண்டு சீடிக்குக் காந்தம் நீக்கும் கருவி விற்றார்கள் பாருங்கள், அது பகல்கொள்ளை. பிளாஸ்ரிக்கும் அலுமினியமும், வாசிப்பது ஒளி. எங்கே இருக்கிறது காந்தம்?

எர்த்தும் அப்படித்தான். போன ஆவணியில் என் அம்பிளிபயரில் ஓயாத ஒரு இரைச்சல். தகட்டில் கை வைத்தால் குறையும், எடுத்தால் கூடும். எர்த் கம்பியைப் போய்ப் பார்த்தால், வெடித்துக் கல்லாகிக் கிடந்த மண்ணில் சும்மா நின்றது. வயறிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஆழமாக இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கிணற்றடித் தண்ணி அங்காலே போக வாய்க்கால் வெட்டிவிட்டோம். பக்கத்தில் ஒரு வாழையும் வைத்தேன். இரைச்சல் போனது, வாழை குலை தள்ளியிருக்கிறது. (பிளக்கில் எர்த் காலை வெட்டிவிடு, இரைச்சல் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். 230 வோல்ற், சாவு வீட்டில் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.)

ஆனாலும் என் வீட்டில் பாட்டை உண்மையாக மாற்றினது இவை ஒன்றுமில்லை. வீட்டுத்திட்டத்தில் கட்டின விறாந்தையும் ஹோலும் எப்படி என்று தெரியும்தானே: சீமெந்து நிலம், சீமெந்துச் சுவர், சீலிங் இல்லை. வெறும் சீமெந்துச் சுவர் தன்னில் பட்ட ஒலியில் 95 வீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும். கை தட்டினால் ‘டிர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடும். பாட்டில் ஒரு சொல் முடிய முதல் மற்றச் சொல் அதன்மேல் ஏறும்.

மாசியில் காலபோக நெல்லை வெட்டி, விலை ஏறும்வரை மூடைகளைப் பின்சுவரோடு நாலு அடுக்காக அடுக்கினோம். அன்று பின்னேரம் தற்செயலாகப் பாட்டைப் போட்டேன். தவிலின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்டது. யாரோ செற்றை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து வயரைப் போய்ப் பார்த்தேன். கை தட்டினேன், ‘டப்’ என்று செத்தது. மில்காரர் வந்து மூடைகளை ஏற்றிப்போன அன்றே ‘டிர்ர்’ திரும்பிவந்தது. நெல்லுக்குக் கிடைத்த விலையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இரத்தக் கொதிப்பு ஏறும்.

அத்தானிடம் போனில் சொன்னேன். “கனடாவில நெல்லு மூடைக்கு எங்க போறது?” என்றார். தடித்த கம்பளமும் புத்தக அலுமாரியும் போதும் என்றேன். “அப்ப பெட்டி?” என்றார்.

மாசியில் வரச்சொல்லியிருக்கிறேன். மூடை அடுக்கினபிறகு இருந்து கேட்போம். பெட்டியும் இருக்கட்டும், ஒரு பிளக் பொயின்ற் சும்மாதான் கிடக்கிறது.