அது பேய் மேளம் இல்லை

நேற்று முழுக்க அந்தக் காணொளிதான் ஓடியது. கியூபாவில் ஒரு வீட்டுக் கூடம், மூன்று பேர் பத்தா என்ற மேளம் வாசிக்கிறார்கள், ஒரு பெண் அருள் வந்து ஆடுகிறாள். மேலே ‘வூடூ பேய் மேளம்’ என்று தலைப்பு, கீழே சிரிப்புப் பொம்மைகள். என் நட்பில் மட்டும் பதினோரு பேர் பகிர்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்.

அது வூடூவே இல்லை. வூடூ ஹைட்டியுடையது, அதுவும் பேய் வேலை கிடையாது. இது லுக்குமி வழிபாடு. சாந்தேரியா என்றால் சிலருக்குத் தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட யொரூபா மக்கள் காப்பாற்றி வைத்தது. கியூபாவில் அடிமை முறை ஒழிந்ததே 1886இல்தான். அத்தனை காலமும் தங்கள் தெய்வங்களான சாங்கோவையும் ஓச்சூனையும் மறக்காமல் இருந்தவர்களின் வழிவந்தவர்களைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள். அவர்கள் பேய் எதையும் ஓட்டவில்லை. சாமியை அழைக்கிறார்கள்.

கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். மிருதங்கம்போல மடியில் கிடத்தி இரண்டு பக்கமும் வாசிக்கும் மேளம். பெரியது இயா, யொரூபாவில் அம்மா. விளிம்பைச் சுற்றி மணிகள். அடுத்தது இத்தோத்தெலே. சின்னது ஒக்கோன்கோலோ, அதை ஒரு பையன் வாசித்தான், பதினைந்து வயது இருக்கும். அம்மா கேட்க, நடு மேளம் பதில் சொல்ல, அவன் தன் அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு பாட்டி வந்து மேளங்களின் முன் தரையில் விழுந்து கும்பிட்டு, மடித்த நோட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மேளத்துக்குள் அன்யா என்ற தெய்வம் குடியிருக்கிறது. அதனால் அதைத் தரையில் வைக்க மாட்டார்கள்.

“மேடையிலும் வாசிக்கிறார்களே?” சரியான கேள்விதான். மேடைக்கு வருவது தெய்வம் ஏற்றாத மேளம், அபேரிக்குலா என்பார்கள். 1936இல் கியூப ஆய்வாளர் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ் ஹவானாவில் பொதுமக்கள் முன் வாசிக்க வைத்ததும் அந்த மாதிரி மேளத்தைத்தான். எது கச்சேரி, எது கும்பிடு என்று அவர்களுக்குத் தெரியும்.

“கோழி அறுக்கிறார்களே?” ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்பவர்கள் என்னிடம் இதைக் கேட்க வேண்டாம்.

“பெண்கள் தொடக்கூடாதாமே?” ஆமாம். தெய்வம் ஏற்றிய மேளத்தைத் தொடக்கூடாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு என் கை தானாக இயா பக்கம் போனது. ஒரு பெரியவர் மெதுவாகத் தடுத்தார். பதினாறு வருடம் மிருதங்கம் வாசித்த கை. வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் எனக்கு வலித்ததால் அது பேய் மேளம் ஆகிவிடுமா?

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என்னோடு ஒரே குருவிடம் படித்தவள். வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் மடியில் எடுத்து வைக்க மாட்டாள். நேற்று ராத்திரியே அவளிடம் சொன்னேன், அதை எடுத்துவிடு என்று. இதை எழுதும்வரை எடுக்கவில்லை.