வீட்டுக்கூட்டத்தில் நுழைந்த பின்நவீனத்துவம்

எல்லாருக்கும் பொதுவான ஒரே உண்மை உண்டா என்று சந்தேகிக்கும் பின்நவீனத்துவம் சபையைக் கெடுத்துவிட்டது என்று பிரசங்கிக்காத போதகர்கள் இன்று குறைவு. அதன் பிதாக்களாகக் காட்டப்படும் பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் தெரிதாவும் ஃபூக்கோவும் பாவம், நன்றாக அடிவாங்குகிறார்கள். ஆனால் அந்தச் சிந்தனை சபைக்குள் வந்தது அவர்கள் புத்தகம் வழியாக அல்ல, புதன்கிழமை வீட்டுக்கூட்டம் வழியாக.

1979-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காக எழுதிய அறிக்கையில் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார், பெருங்கதையாடல்கள் (எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் பெரிய கதைகள்) மீதான அவநம்பிக்கையே பின்நவீனம் என்றார். அவர் குறிவைத்தது பகுத்தறிவின் பெயரால் தங்களை நியாயப்படுத்திக்கொண்ட கதைகளை: அறிவொளிக் காலத்தின் விடுதலைக் கதை, ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் வழிவந்த தத்துவக் கதை. வேதாகமமோ விசுவாசத்தைக் கேட்கும் சாட்சி. அதனால் அந்த அடி அதன்மேல் நேராக விழவில்லை என்று கிறிஸ்தவத் தத்துவவாதி ஜேம்ஸ் கே. ஏ. ஸ்மித் வாதிடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

சிக்கல் வேறு இடத்தில். எரேமியா 29:11-ஐ (உங்களைப்பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம்) வாசித்ததும் கூட்டத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வசனம் உங்களோடு என்ன பேசுகிறது?" ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு விசா, ஒருவருக்கு மகள் கல்யாணம். எல்லாவற்றுக்கும் "ஆமென்". யாரையும் மறுக்க முடியாது. மறுத்தால் அவருடைய அனுபவத்தையே மறுத்ததாகிவிடும். வாசிப்பவரே அர்த்தத்தை உண்டாக்குகிறார் என்ற பின்நவீனக் கோட்பாடு இதைவிடச் சுத்தமாக எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடைமுறையில் இல்லை.

ஒரு வசனம் மேலே போனால் போதும். 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு வந்த கடிதம் அது; வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதுதான் உத்தரவு. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தர் பெயராலேயே சொன்னான். அது பொய். நம் கூட்டங்களில் 29:11-ஐ வாசித்துவிட்டு, அனனியாவின் செய்தியைக் கொண்டாடிவிட்டுப் போகிறோம்.

(புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையையும் பின்நவீனத்துவத்தின் தலையில் கட்ட வேண்டாம். தனி வசனத்தைப் பிய்த்தெடுக்கும் பழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தையது.)

மேடையும் தப்பவில்லை. "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று போதகர் சொன்னதும் விவாதம் முடிந்தது. வாலிபன் "இது என்னுடைய உண்மை" என்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் வசனத்தை வைத்துச் சோதிக்க வழியில்லை. இங்கே ஃபூக்கோ உதவிக்கே வருவார்: இதைச் சொல்வதால் யாருக்கு அதிகாரம் கூடுகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கேள்விக்குப் பயப்படும் சபைகள்தான் அவரை அதிகம் திட்டுகின்றன என்பது என் சந்தேகம்.

1947-இல் மதுரை இராமநாதபுரம் பேராயரான லெஸ்லி நியூபிகின், 1974-இல் இங்கிலாந்து திரும்பியபின் சுவிசேஷத்தை இன்றைய மனிதர் எப்படி நம்புவார்கள் என்ற கேள்வியோடு மல்லுக்கட்டினார். சுவிசேஷத்தை நம்பி அதன்படி வாழும் சபையே அதற்கு விளக்கவுரை என்பது 1989-இல் அவர் எழுதிய பதில். வாதத்தில் ஜெயிப்பதைவிட இது கடினம்.

வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு: ஒரு மணி நேரம் இருந்தால் முதல் பத்து நிமிடம் முழு அதிகாரத்தையும் சத்தமாக வாசியுங்கள். அடுத்த முப்பத்தைந்து நிமிடம் யார், யாருக்கு, எந்த நிலைமையில், முன்னும் பின்னும் என்ன என்பது மட்டும். "எனக்கு" என்ற வார்த்தைக்குக் கடைசிப் பதினைந்து நிமிடம்தான். யாராவது அவசரப்பட்டுச் சாட்சிக்குத் தாவினால், "எந்த வசனத்தில் பார்த்தீங்க, அண்ணே?" என்று கேளுங்கள். முதல் சில வாரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் தலைவரே பிரசங்கம் பண்ண ஆரம்பிப்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. போதகர் வந்து உட்கார்ந்தாலும் அவரிடமும் அதே கேள்விதான்.